தளத்தை டைரக்டரியில் சேர்த்தால் கூகுளில் மேலே வருமா?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினார். அவருக்குக் கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கடைக்கென்று ஒரு சின்ன வெப்சைட்டும் உண்டு. ஷீட்டில் அறுநூறு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு வெப் டைரக்டரியின் முகவரி, அதில் அவருடைய தளத்தைச் சேர்த்த தேதி.

“கூகுள்ல மொதப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்திடலாம்னு ஒருத்தர் செஞ்சு குடுத்தாருப்பா. பணமும் குடுத்தாச்சு. நெசமாவே இது பிரயோசனப்படுமா?” என்று கேட்டார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் முப்பது முகவரிகளைத் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் பல, ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. அதே நீல நிறம், அதே கட்டங்கள், பெயர் மட்டும் வேறு. ஓரிடத்தில் காயில் கட்டும் கடை ‘உடல்நலம்’ என்ற பிரிவில் கிடந்தது. மேலே ஒரு சூதாட்டத் தளம், கீழே ஒரு கடன் கம்பெனி. சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். சின்னக் கடை, சின்னத் தொழில் வைத்திருக்கும் நிறையப் பேரிடம் இந்த ‘டைரக்டரி சப்மிஷன்’ பேக்கேஜ் இன்றைக்கும் விற்கப்படுகிறது. இது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, ஒரு காலத்தில் உண்மையாகவே வேலை செய்த முறை. எதனால் வேலை செய்தது என்று புரிந்துகொண்டால், இப்போது எதில் சேர வேண்டும், எதில் சேரக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

டைரக்டரி வேறு, தேடுபொறி வேறு

வெப் டைரக்டரி என்பது தளங்களின் பட்டியல். வீட்டில் முன்பு டெலிபோன் டைரக்டரி இருந்ததே, அதுபோல. ஆனால் பெயர் வரிசையில் இல்லாமல், பொருள் வாரியாகப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். கல்வி, மருத்துவம், வணிகம் என்று பெரிய பிரிவுகள், அவற்றுக்குள் சின்னப் பிரிவுகள், அதற்குள்ளும் பிரிவுகள். இந்தியா, அதற்குள் தமிழ்நாடு, அதற்குள் ஊர், அதற்குள் தொழில் என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்த் தளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கூகுள் போன்ற தேடுபொறி அப்படி இல்லை. ஒரு பெரிய நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூலகர் ஒருவர் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்து, இது வேளாண்மை, இது வரலாறு என்று அதனதன் அலமாரியில் வைக்கிறார். டைரக்டரி செய்வது அதுதான். இன்னொருவர் எல்லாப் புத்தகத்தையும் ஒரு வரி விடாமல் படித்து, எந்தச் சொல் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்து வைத்திருக்கிறார். நீங்கள் சொல்லைச் சொன்னால் அவர் பக்கத்தைக் காட்டுகிறார். அது தேடுபொறி. முதல் வேலையைச் செய்தது மனிதர். இரண்டாவதைச் செய்வது இயந்திரம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் இது தேவைப்படும்.

இணையத்தின் ஆரம்ப நாட்களில் இயந்திரத்தைவிட மனிதர்தான் நன்றாக வேலை செய்தார். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீயே 1991-இல் வேர்ல்டு வைடு வெப் வர்ச்சுவல் லைப்ரரி என்ற பட்டியலைத் தொடங்கி வைத்தவர். 1994-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பிரித்து அடுக்கி ஒரு பட்டியல் போட்டார்கள். முதலில் அதற்கு ‘ஜெர்ரி அண்ட் டேவிட்ஸ் கைடு டு தி வேர்ல்டு வைடு வெப்’ என்று நீளமான பெயர். அதே வருடம் யாஹூ என்று மாற்றினார்கள். இன்று யாஹூ என்றால் மெயிலும் செய்தியும்தான் ஞாபகத்துக்கு வரும். அது பிறந்தது ஒரு டைரக்டரியாக.

யாஹூவில் இடம் கிடைப்பது லேசான காரியம் இல்லை. வேலைக்கு வைத்திருந்த எடிட்டர்கள் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே சரக்கு இருக்கிறதா, சரியான பிரிவில் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பின்னாளில் வணிகத் தளங்களுக்கு ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம் வைத்தார்கள். அந்தப் பணம்கூட ‘பார்க்கிறோம்’ என்பதற்குத்தான், ‘சேர்க்கிறோம்’ என்பதற்கு இல்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம், பணம் திரும்பி வராது.

தன்னார்வலர்கள் கட்டிய பட்டியல்

யாஹூவின் எடிட்டர்களால் இணையத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கின. அப்போது ரிச் ஸ்க்ரென்டா, பாப் ட்ரூவல் என்பவர்கள் 1998 ஜூனில் வேறொரு வழியை முயன்று பார்த்தார்கள். சம்பளத்துக்கு ஆள் வைப்பதற்குப் பதிலாக, அந்தந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்களே எடிட்டர்களாக வந்து இலவசமாகச் செய்யட்டும் என்பதுதான் யோசனை. சில மாதங்களில், பிரவுசர் தயாரித்து வந்த நெட்ஸ்கேப் கம்பெனி அதை வாங்கி ‘ஓப்பன் டைரக்டரி புராஜெக்ட்’ என்று பெயர் வைத்தது. எல்லோரும் அழைத்த பெயர் டிமாஸ்.

எனக்கு டிமாஸ் மேல் இன்றும் மதிப்பு உண்டு. மூடப்பட்ட சமயத்தில் அதில் சுமார் 38 லட்சம் தளங்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. அத்தனை வருடங்களில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட எடிட்டர்கள் அதில் வேலை செய்திருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. தமிழ்த் தளங்களுக்கும் அதில் தனியாக ஒரு பிரிவு இருந்தது. யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு தமிழ்த் தளமாகத் திறந்து படித்து, ஒரு வரி விளக்கம் எழுதிச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

டிமாஸின் இன்னொரு தனித்தன்மைதான் நம் கதைக்கு முக்கியம். அதன் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கொள்ளலாம். கூகுளே 2000-இல் டிமாஸ் பட்டியலை எடுத்து ‘கூகுள் டைரக்டரி’ என்று நடத்தியது. 2011 வரை அது இருந்தது. இன்னும் எத்தனையோ சிறு தளங்களும் அதே பட்டியலை நகல் எடுத்துப் போட்டன. டிமாஸில் ஓரிடம் கிடைத்தால், அதோடு கூடவே பல இடங்களில் உங்கள் பெயரும் லிங்க்கும் வந்துவிடும்.

குறைகளும் இருந்தன. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. தன் தொழிலுக்குப் போட்டியாக இருக்கும் தளத்தை எடிட்டரே தள்ளிவைக்கிறார் என்ற புகாரும் ஓயாமல் வந்தது. 2006 கடைசியில் சர்வர் பழுதாகி, வாரக்கணக்கில் எடிட்டர்களால் உள்ளேயே போக முடியாமல் இருந்தது.

ஒரு லிங்க்குக்கு என்ன மதிப்பு?

சரி, டைரக்டரியில் பெயர் வந்தால் கூகுள் ஏன் மேலே தூக்க வேண்டும்?

கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பேஜ்ரேங்க் என்ற கணக்கை விளக்கினார்கள். அடிப்படை எளிமையானது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால், அது ஒரு வகையில் சிபாரிசு. சிபாரிசு செய்பவருக்கே ஊரில் மதிப்பு இருந்தால் அந்தச் சிபாரிசுக்கும் மதிப்பு அதிகம். பெரிய டாக்டர் ‘அவரிடம் போய்ப் பாருங்கள்’ என்று சொல்வதும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வதும் ஒன்றில்லையே.

இன்னொரு பாதி பலருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தின் மதிப்பு, அதிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குப் பங்காகப் பிரிகிறது. அந்தக் கட்டுரையில் 0.85 என்று ஒரு எண் வரும். ஒரு பக்கத்தின் மதிப்பு 100 என்றால், தோராயமாக 85 பங்கு வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் பத்து லிங்க் இருந்தால் ஆளுக்கு 8.5. ஐந்நூறு லிங்க் இருந்தால் ஆளுக்கு 0.17. கூகுளின் இன்றைய கணக்கு இதைவிடப் பல மடங்கு சிக்கலானது, ஆனால் இந்தத் தத்துவத்தைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

இப்போது யாஹூவையும் டிமாஸையும் இதில் பொருத்திப் பாருங்கள். இரண்டுக்கும் உலகம் முழுக்க லிங்க் இருந்தது, அதனால் அவற்றின் பக்கங்களுக்கு மதிப்பு அதிகம். ஒரு சின்னப் பிரிவுக்குள் இருபது, முப்பது தளங்கள்தான் இருக்கும், அதனால் பங்கும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனிதர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட தளம் என்ற முத்திரை. அந்தக் காலத்தில் இந்த இரண்டில் ஒன்றில் இடம் பிடித்தால் கூகுளில் நிஜமாகவே மேலே போகலாம். கூகுளே தன் வழிகாட்டுதலில் ‘யாஹூ, ஓப்பன் டைரக்டரி போன்றவற்றில் உங்கள் தளத்தைச் சேருங்கள்’ என்று எழுதி வைத்திருந்தது.

வேலியே பயிரை மேய்ந்தது

லிங்க்குக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், லிங்க்கை உற்பத்தி செய்யும் தொழில் கிளம்பியது. டைரக்டரி நடத்தத் தேவையான மென்பொருள் எளிதாகக் கிடைத்தது. ஒரு மதிய வேளையில் பதித்து, ஒரு பெயர் வைத்தால், டைரக்டரி தயார். சித்தப்பாவின் ஷீட்டில் இருந்தவை ஒரே முகமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அவற்றில் எடிட்டர் இல்லை. யார் எதைப் போட்டாலும் சேர்ந்துகொள்ளும். சிலவற்றில் ஐந்து டாலர் கட்டினால் உடனே சேர்ப்பார்கள். சிலவற்றில் ‘நீங்கள் எங்களுக்கு ஒரு லிங்க் கொடுங்கள், நாங்கள் உங்களுக்குத் தருகிறோம்’ என்று பண்டமாற்று.

டைரக்டரியின் உயிரே ‘இது வேண்டாம்’ என்று மறுக்கும் மனிதரிடம்தான் இருந்தது. அந்த மனிதரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் லிங்க் குவியல். அதைப் படிக்க எந்த வாசகரும் வர மாட்டார். தளத்தைச் சேர்க்க வருபவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

கூகுளும் படிப்படியாக விழித்துக்கொண்டது. 2005 ஜனவரியில் யாஹூ, எம்.எஸ்.என். நிறுவனங்களோடு சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற குறியைக் கொண்டுவந்தது. ஒரு லிங்க்கில் இந்தக் குறி இருந்தால் ‘இது என் சிபாரிசு இல்லை’ என்று அர்த்தம். பின்னூட்டங்களில் குப்பை லிங்க் போடுவதைத் தடுக்க வந்தது அது. பிறகு விளம்பர லிங்க்குகளுக்கும் பரவியது. 2008-இல் ‘டைரக்டரிகளில் சேருங்கள்’ என்ற வரியைக் கூகுள் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது.

பெரிய அடி 2012 ஏப்ரல் 24 அன்று விழுந்தது. கூகுள் அன்றைக்குப் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களை அது கீழே தள்ளியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்பட்டதாகக் கூகுளே சொன்னது. சதவீதம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரே நாளில் முதல் பக்கத்திலிருந்து காணாமல் போன கடைக்காரருக்கு அது நூறு சதவீதம். நிறையப் பேர் டைரக்டரிக்காரர்களுக்கு மெயில் எழுதி ‘தயவுசெய்து என் தளத்தை எடுத்துவிடுங்கள்’ என்று கெஞ்சினார்கள். சேர்ப்பதற்கு வாங்கியது போதாதென்று, நீக்குவதற்கும் காசு கேட்ட டைரக்டரிகள் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ‘இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்’ என்று கூகுளிடம் சொல்வதற்கு டிஸ்அவோ என்ற கருவி வந்தது.

2016 செப்டம்பரில் பென்குயின் கொஞ்சம் இளகியது. குப்பை லிங்க் இருந்தால் தளத்தைத் தண்டிப்பதைவிட, அந்த லிங்க்கையே மதிப்பில்லாததாக்கி விட்டுவிடும் வழிக்கு மாறியது. மனிதர்கள் நடத்திய பெரிய பட்டியல்களும் அந்தச் சமயத்தில் முடிவுக்கு வந்தன. யாஹூ டைரக்டரி 2014 டிசம்பரில் மூடப்பட்டது. டிமாஸ் 2017 மார்ச் 17 அன்று நின்றது. அதன் எடிட்டர்கள் சிலர் மனம் கேட்காமல் கர்லி என்ற பெயரில் அந்தப் பட்டியலைத் தொடர்ந்து பராமரித்து வருகிறார்கள்.

ஆக, சித்தப்பா பணம் கொடுத்து வாங்கியது, மூடிப்போன ஒரு காலத்தின் முறை. இன்றைய நிலவரம் என்னவென்று கேட்டால், கூகுளின் ஸ்பேம் விதிகளில் ‘தரக்குறைவான டைரக்டரி லிங்க்குகள்’ என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். ரேங்க் ஏற்றுவதற்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குவதும் அதே பட்டியலில் இருக்கிறது.

கூகுளுக்கு உங்களைத் தெரியப்படுத்த டைரக்டரி தேவையா?

தேவையில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் தளம் இருப்பதே கூகுளுக்குத் தெரியாது, டைரக்டரியில் போட்டால்தான் தெரியும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் உங்கள் தளத்தைப் பதிந்து, சைட்மேப் கோப்பை, அதாவது தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியலைக் கொடுத்தால் போதும். மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்குக்கும் இதேபோல வெப்மாஸ்டர் டூல்ஸ் இருக்கிறது. அரை மணி நேர வேலை, பைசா செலவு இல்லை.

அப்படியானால் எதில் சேரலாம்?

இங்கேதான் நான் டைரக்டரி என்றாலே வேண்டாம் என்று சொல்பவர்களோடு மாறுபடுகிறேன். மனிதர்கள் உண்மையிலேயே தேடி வரும் பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் உங்கள் பெயர் இல்லையென்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். எந்த டைரக்டரியைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கூகுள் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்தப் பட்டியலில் சேருவேனா? ஆமாம் என்றால் சேருங்கள்.

சித்தப்பாவின் கடைக்கு இதைப் பொருத்திப் பார்த்தோம். தோட்டத்தில் மோட்டார் எரிந்துபோனவர் என்ன செய்வார்? போனை எடுத்து, பக்கத்தில் காயில் கட்டும் கடை எங்கே என்று தேடுவார். அப்போது மேலே வருவது மேப்பும் மூன்று கடைகளும். அந்த மூன்றில் ஒன்றாக வருவதற்கு கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடை இருக்க வேண்டும். கூகுள் மை பிசினஸ் என்ற பழைய பெயர் 2021-இல் மாறியது, சேவை அதேதான். என்னைக் கேட்டால் இன்றைக்கு ஒரு உள்ளூர்க் கடைக்கு இருக்கும் மிகப் பெரிய டைரக்டரி இதுதான். அறுநூறு வரியில் அது இல்லை!

உள்ளூர்த் தேடலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தேடுவதற்கும் உங்கள் தொழிலுக்கும் பொருத்தம் எவ்வளவு, தேடுபவருக்கும் கடைக்கும் தூரம் எவ்வளவு, கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது. தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. பொருத்தம் என்பது சரியான பிரிவைத் தேர்ந்தெடுப்பதிலும், என்னென்ன வேலை செய்கிறோம் என்று தெளிவாக எழுதுவதிலும் இருக்கிறது. மூன்றாவதில்தான் மற்ற டைரக்டரிகள் கைகொடுக்கின்றன. வாடிக்கையாளர்கள் எழுதும் ரிவியூ, இணையத்தில் வேறு இடங்களில் கடையைப் பற்றி இருக்கும் தகவல், லிங்க் எல்லாம் அதில் சேரும்.

ஜஸ்ட் டயல், சுலேகா போன்றவை நம் ஊரில் மக்கள் நேரடியாகப் போய்த் தேடும் இடங்கள். ஜஸ்ட் டயல் 1996-இல் போனில் கேட்டுச் சொல்லும் சேவையாகத் தொடங்கியது. இணையம் பரவுவதற்கு முன்பே அதற்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மொத்தமாக விற்பவர், மெஷின் தயாரிப்பவர் என்றால் இந்தியாமார்ட், டிரேட்இந்தியா. டாக்டர் என்றால் பிராக்டோ, தங்கும் விடுதி என்றால் டிரிப்அட்வைசர். இவற்றில் இலவசப் பதிவே ஆரம்பத்துக்குப் போதும். பணம் கட்டும் திட்டத்தைப் பற்றி மூன்று மாதம் கழித்து யோசிக்கலாம்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு வகை இருக்கிறது, தொழில் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல். கோவையில் சிறுதொழில் செய்பவருக்குக் கொடிசியா இருக்கிறது. பவானியில் ஜமக்காளம் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இருப்பது, ஆயிரம் வெற்று டைரக்டரிகளைவிட மேல். வெளிநாட்டில் வாங்குபவர் அந்தப் பட்டியலைப் பார்க்கிறார். உறுப்பினர் ஆவதற்கு அவர் உண்மையான ஏற்றுமதியாளர் என்று யாரோ ஒருவர் சரிபார்த்திருக்கிறார். யாஹூ எடிட்டர் செய்த அதே வேலை. சந்தா கட்டிச் சேர்ந்தும், தங்கள் வெப்சைட் முகவரியை அங்கே கொடுக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு மெயில் அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள்.

எழுதுகிறவர்களுக்கும் இது புதிதில்லை. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் வலைப்பதிவைச் சேர்த்தது எதற்கு? கூகுளுக்காக இல்லை. புதிதாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அங்கே தினமும் வந்து பார்த்த வாசகர்களுக்காக. அந்த வாசகர்கள் பிடித்ததைத் தங்கள் பதிவுகளில் குறிப்பிட்டு லிங்க் கொடுத்தார்கள். தேடலில் மேலே வந்தது அதன் பலன்.

தெரியாத டைரக்டரியை எப்படி எடைபோடுவது?

முதலில், உங்கள் தொழிலுக்கான பிரிவைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? சூதாட்டம், கள்ள மருந்து, கடன் விளம்பரம் என்றால் அப்படியே மூடிவிடுங்கள். பிறகு அதில் இருக்கும் ஐந்தாறு லிங்க்குகளை அழுத்திப் பாருங்கள். பாதி திறக்கவில்லையென்றால் அதை யாரும் பராமரிக்கவில்லை. அப்புறம், கூகுள் பெட்டியில் ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, இரு புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் அந்த டைரக்டரியின் முகவரியை அடியுங்கள். கூகுள் தன் கணக்கில் வைத்திருக்கும் அதன் பக்கங்கள் வரும். ஒன்றுமே வரவில்லையென்றால் கூகுள் அதை மதிக்கவில்லை.

‘உடனடி அனுமதி’, ‘நிச்சயமான லிங்க்’ என்று தானே விளம்பரம் செய்துகொள்ளும் டைரக்டரியில் எடிட்டர் இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்கிறார்கள். திரும்ப லிங்க் கேட்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

பெயர், முகவரி, போன்

நல்ல டைரக்டரியில் சேரும்போதும் பலர் சறுக்கும் இடம் இது. கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறொன்று என்றால், இது ஒரே கடையா, இரண்டு கடையா என்று இயந்திரம் குழம்பும். வாடிக்கையாளரும் குழம்புவார்.

நம் ஊரில் இது சொல்வதைவிடக் கஷ்டம். சென்னையில் ஒரே கட்டடத்துக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். தெருப் பெயரைத் தமிழில் ஒரு மாதிரியும், ஆங்கிலத்தில் மூன்று மாதிரியும் எழுதுவோம். ‘ரோடு’ ஓரிடத்தில், ‘சாலை’ ஓரிடத்தில். லேண்ட்லைனை 0422 போட்டு ஒரு தடவை, 91 போட்டு ஒரு தடவை. சித்தப்பாவின் கடை ஏழு இடங்களில் ஐந்து விதமான முகவரியோடு இருந்தது. எடுத்துவிட்ட லேண்ட்லைன் நம்பர் மூன்று இடங்களில் அப்படியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எத்தனை பேர் வேறு கடைக்குப் போனார்களோ.

ஒரு நோட்டில், இல்லை ஒரு ஷீட்டில், பெயரையும் முகவரியையும் ஒரு தடவை தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எங்கே பதிந்தாலும் அதையே வெட்டி ஒட்டுங்கள். பெயருக்கு ‘ஸ்ரீ’ உண்டா இல்லையா என்பது வரை ஒன்றாக இருக்கட்டும். கடைப் பெயரோடு ‘கோவையின் சிறந்த மோட்டார் ரிப்பேர்’ என்று ஒட்டுப் போடுவது கூகுள் விதிக்கு எதிரானது, அதனால் புரொஃபைலையே முடக்கிவிடலாம். போர்டில் எழுதியிருக்கும் பெயர் எதுவோ அதுதான் பெயர்.

விளக்கம் எழுதும் இடத்தில் மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாக மூன்று நான்கு வரி எழுதுங்கள். எந்த வகை மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறீர்கள், சப்மெர்சிபிள் பம்ப் எடுப்பீர்களா, எத்தனை நாளில் கிடைக்கும், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வீர்களா, இப்படி வாடிக்கையாளர் போனில் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை எழுதினால் அதுதான் நல்ல விளக்கம். பிரிவு தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளே போங்கள். ‘சர்வீஸ்’ என்று பொதுவாக நிற்பதைவிட, ‘மோட்டார் ரீவைண்டிங்’ என்று குறிப்பாக நிற்பது நல்லது. பதிவதற்குத் தனியாக ஒரு ஈமெயில் வைத்துக்கொள்ளுங்கள், விளம்பர மெயில் நிறைய வரும்.

ஏற்கெனவே சேர்த்துவிட்ட குப்பையை என்ன செய்வது?

சித்தப்பாவின் பயமே இதுதான். “இதனால கூகுள் நம்மள ஒதுக்கிருமாப்பா?”

பெரும்பாலும் இல்லை. 2016-க்குப் பிறகு அந்த மாதிரி லிங்க்குகளைக் கூகுள் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் வழக்கம். சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. கூகுள் ஊழியர் ஒருவர் நேரடியாக உங்கள் தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். அது காலியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். இயற்கைக்கு மாறான லிங்க்குகள் என்று அங்கே எச்சரிக்கை வந்திருந்தால் மட்டும், முடிந்தவற்றை நீக்கச் சொல்லி எழுதிவிட்டு, மீதியை டிஸ்அவோ கருவியில் கொடுங்கள். எச்சரிக்கை இல்லாமல் அந்தக் கருவியைத் தொட வேண்டாம். நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. சித்தப்பாவின் பக்கம் காலியாகத்தான் இருந்தது.

அந்த அறுநூறை அப்படியே விட்டுவிட்டோம். தீபாவளிக்கு மறுநாள் உட்கார்ந்து பிசினஸ் புரொஃபைலைச் சரிபார்த்துப் பதிந்தோம். கடை வாசலிலிருந்து உள்ளே வரை போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். காயில் கட்டிக்கொண்டிருக்கும்போதே எடுத்த எட்டுப் படங்கள் போட்டோம். ஜஸ்ட் டயலிலும் இந்தியாமார்ட்டிலும் பழைய நம்பரை மாற்றினோம். எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் ஆனது.

எந்தப் பட்டியலிலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்துகொள்ள, தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் போட்டிருந்தால், எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள் என்று காட்டும் ‘ரெஃபரல்’ பகுதியைப் பாருங்கள். சின்னக் கடைக்கு அதைவிட நல்ல வழி, போன் செய்பவரிடம் “எங்கே பார்த்தீங்க?” என்று கேட்டு நோட்டில் எழுதுவது. சித்தப்பா இப்போது மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, என்ன மோட்டார், எங்கே பார்த்தார் என்று மூன்று கட்டம். பொங்கலுக்குப் போகும்போது அதை வைத்துத்தான் எந்தப் பதிவுக்குப் பணம் கட்டலாம் என்று முடிவு செய்யப் போகிறோம்.